பேட்டரி செத்த பழைய ட்ரில்லை லித்தியத்துக்கு மாற்றுவது எப்படி

மோட்டார் நன்றாக ஓடும், கியரில் சத்தம் இருக்காது, ஆனால் பேட்டரி மட்டும் நாலு ஸ்க்ரூ முடுக்குவதற்குள் படுத்துவிடும். பழைய நிக்கல் காட்மியம் ட்ரில்கள் பெரும்பாலும் இப்படித்தான் பரணுக்குப் போகின்றன. நல்ல கருவியைத் தூக்கிப் போட எனக்கு மனசு வருவதில்லை. அதனால் 12 வோல்ட் ட்ரில் ஒன்றை லித்தியத்துக்கு மாற்றும் முறையை முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நிக்கல் காட்மியம் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், அதனால் 12 வோல்ட் பேக்குக்குள் பத்து செல் இருக்கும். லித்தியம் அயன் செல்லுக்கு 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. மூன்றைத் தொடராக இணைத்தால் 10.8, முழுதாக ஏறியதும் 12.6. 14.4 வோல்ட் கருவி என்றால் நாலு செல், 18 என்றால் ஐந்து. வேகம் கூடுமே என்று 12 வோல்ட் ட்ரில்லில் நாலு செல் போடாதீர்கள், 16.8 வோல்ட் ஏறினால் மோட்டாரும் சுவிட்சும் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

அடுத்து செல், இதில்தான் பலரும் தவறுகிறார்கள். எல்லோரும் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று சொல்லும் mAh (மில்லி ஆம்பியர்-ஹவர்) அளவைத்தான் பார்க்கிறார்கள், ட்ரில்லுக்கு முக்கியம் அது இல்லை, ஒரே நேரத்தில் எத்தனை ஆம்பியர் தொடர்ந்து தர முடியும் என்பதுதான். பிட் மரத்தில் சிக்கித் திணறும் அந்த நொடியில் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த 18650 செல்களை (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் உள்ள உருளை லித்தியம் செல்) வைத்து நான் முதலில் செய்து பார்த்தேன், சும்மா சுற்றும்போது பிரமாதமாக ஓடியது, மரத்தில் வைத்து அழுத்தியதும் வோல்டேஜ் சரிந்து நின்றே விட்டது, செல்லும் கை வைக்க முடியாத சூடு. தொடர்ந்து 20 ஆம்பியராவது தரக்கூடிய 18650 வேண்டும், சாம்சங் 25ஆர் அந்த ரகம். மூன்றும் ஒரே மாடல், புதியவை, மல்டிமீட்டரில் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் காட்ட வேண்டும்.

கூடவே மூன்று செல்லுக்கான பி.எம்.எஸ் (BMS) என்ற பேட்டரி பாதுகாப்பு போர்டு ஒன்று வேண்டும், எல்லா செல்லையும் ஒரே அளவு சார்ஜில் வைக்கும் பேலன்ஸ் வசதி உள்ளதாக, 40 ஆம்பியர் அளவில். அதிகமாக சார்ஜ் ஏறாமலும் அடிமட்டம் வரை இறங்காமலும் செல்லைக் காப்பது இதுதான், இது இல்லாமல் செய்யவே கூடாது.

சரி, பழைய பேக்கைப் பிரிக்கலாம். ட்ரில்லை ஓடவிட்டு மிச்ச சார்ஜைத் தீர்த்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு திறங்கள். செல்களின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். எந்த முனை பிளஸ், எது மைனஸ் என்று போட்டோ எடுத்துக்கொண்டு, முனைகள் உள்ள தலைப்பகுதியை மட்டும் பத்திரமாக வெட்டி எடுங்கள். மூன்றாவதாக ஒரு முனை இருந்தால் பெரும்பாலும் அது பழைய சார்ஜருக்கு வெப்பத்தைச் சொல்லும் சென்சார், நமக்குத் தேவையில்லை. காட்மியம் நஞ்சு, பழைய செல்களைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

செல்களின் பிளஸ் பக்கம் காகித வளையம் ஒட்டிவிட்டு, நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டிங் செய்து இணைக்க வேண்டும். சால்டரிங் அயர்னை நேராகச் செல்லில் வைக்காதீர்கள், அந்தச் சூடு உள்ளே இருக்கும் பாதுகாப்பு அமைப்பைக் கெடுத்துவிடும். வெல்டர் இல்லையென்றால் பட்டை வைத்தே விற்கும் செல்களை வாங்கி, பட்டையின் நுனியில் சால்டர் வைத்துப் பற்றவையுங்கள்.

போர்டில் வயரை மைனஸிலிருந்து வரிசையாக ஏற்றுங்கள். பேக்கின் மைனஸ், முதல் செல்லுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, கடைசியில் பிளஸ். மைனஸில் மீட்டரின் கறுப்பு முனையை வைத்து அளந்தால் ஏறக்குறைய 3.6, 7.2, 10.8 என்று படிப்படியாக ஏற வேண்டும். வரிசை மாறினால் போர்டு அந்த இடத்திலேயே புகைந்துவிடும், அதனால் பற்றவைக்கும் முன்பே ஒருமுறை அளந்துவிடுங்கள். ட்ரில்லுக்குப் போகும் இரண்டு வயரும் தடியான சிலிக்கான் வயராக இருக்கட்டும். எல்லாம் சரியாக இருந்தும் ட்ரில் ஓடவில்லையா? பல போர்டுகள் ஒருமுறை சார்ஜர் செருகினால்தான் விழித்துக்கொள்ளும்.

பழைய சார்ஜரை இனி இந்த பேக்கில் மாட்டவே கூடாது, அதற்கு 12.6 வோல்ட்டில் நிறுத்தத் தெரியாது. நான் அதன் வயரையே வெட்டிவிட்டேன், வீட்டில் வேறு யாரும் தெரியாமல் செருகிவிடக் கூடாது என்பதற்காக. சாதாரண 12 வோல்ட் அடாப்டரும் ஆகாது. 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர் என்றே கேட்டு வாங்கி, பேக்கின் ஓரத்தில் ஒரு ஜாக் பொருத்தி, போர்டு வழியாகவே ஏற்றுங்கள், 1 அல்லது 2 ஆம்பியர் போதும். முதல் சார்ஜைத் தரையில் ஓடு மேல் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து ஏற்றுங்கள். செல் லேசான வெதுவெதுப்பைத் தாண்டினால் கழற்றிவிட்டு இணைப்புகளைத் திரும்பப் பாருங்கள்.

அப்புறம், பத்து செல் இருந்த இடத்தில் மூன்றுதான் இருக்கும் என்பதால் உள்ளே ஆடாமல் ஃபோம் வைத்து இறுக்குங்கள். எடை கிட்டத்தட்ட 350 கிராம் குறைந்துவிடுவதால், பேட்டரியின் மேல் நிமிர்த்தி நிறுத்தினால் ட்ரில் முன்பக்கம் சாயும், படுக்க வைத்தே வையுங்கள்.