மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று சொல்லாதவை

மனை வாங்கி ஏமாந்தவர்களில் பலர் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் சான்று) போட்டுப் பார்த்தவர்கள்தான். "வில்லங்கம் சுத்தமா இருக்கு" என்று தரகர் சொன்னதும் முன்பணம் கைமாறிவிடுகிறது. அவசரம் அங்கேதான் தொடங்குகிறது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவை மட்டுமே அந்தச் சான்றில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. உரிமையாளர் இறந்து சொத்து வாரிசுகளுக்கு இறங்கியதும் வராது. பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்துவிட்டு வாங்கிய கைக்கடனும் தெரியாது. அதனால் சொத்து கைமாறி வந்த வழியைக் காட்டும் முந்தைய பத்திரங்களான மூலப்பத்திரங்களை அசலாகவே கேளுங்கள். நகலைக் காட்டி "அசல் லாக்கரில் இருக்கு" என்றால், அசலைப் பார்க்கும்வரை ஒரு ரூபாயும் தரவேண்டாம்.

தேடும் முறையிலும் தவறு நடக்கிறது. இன்று சர்வே எண் 45/2ஏ என்றிருக்கும் மனை, உட்பிரிவு ஆவதற்கு முன் 45/2 ஆகவோ வெறும் 45 ஆகவோ இருந்திருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டால் பழைய அடமானம் கண்ணில் படாது. உட்பிரிவுக்கு முந்தைய தாய் எண்ணுக்கும் சேர்த்து, குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள். இடையில் சார்பதிவகம் மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

பெரிய வழக்குகள் முளைப்பது வாரிசுரிமையில். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருக்கும் தாய் எல்லோருக்கும் பங்கு உண்டு. "சீர் செஞ்சாச்சு, பொண்ணுங்க கேக்க மாட்டாங்க" என்ற பேச்சை நம்பி மகள்களின் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். இறந்தவரின் தாயைத்தான் அதிகம் மறந்துவிடுகிறார்கள். மைனரின் தனிப் பங்கை நீதிமன்ற அனுமதியின்றி விற்றிருந்தால், 18 வயது நிறைந்தபின் 3 ஆண்டுக்குள் அவர் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம்.

பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. ஆனால் பரப்பைச் சரிபார்க்க உதவும். பட்டாவில் 0 - 04.05 என்றிருந்தால் அது 0 ஹெக்டேர், 4.05 ஏர் (ஓர் ஏர் 100 சதுர மீட்டர்), கிட்டத்தட்ட 10 சென்ட். அதாவது 4,356 சதுர அடி. பத்திரம், பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் எல்லை, அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்), நேரில் அளந்த அளவு நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

பவர் ஏஜென்ட் (உரிமையாளர் அதிகாரப் பத்திரம், அதாவது பவர், எழுதிக்கொடுத்த முகவர்) விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள்; பொதுவாக அவர் இறந்த கணமே பவர் செல்லாது. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துச் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புது லேஅவுட்டுக்குப் "பஞ்சாயத்து அப்ரூவல்" போதாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் எண் வேண்டும்.

விற்பவர் சொல்லும் வழக்கறிஞர் வேண்டாம். உங்களுக்கென்று ஒருவரை வைத்து, முன்பணம் தருவதற்கு முன்பே சட்டக் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். அவர் பார்த்த ஆவணங்களின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். அசலைப் பார்த்தாரா, நகலையா என்பதையும் ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதச் சொல்லுங்கள்.