குளிர்காலத்தில் மலைக்குப் போகிறீர்களா? பனிச்சரிவைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்கீ (பனிச்சறுக்கு) மையத்தின் எல்லைக்குள் இருக்கும் சரிவுகளைப் பணியாளர்கள் கண்காணிக்கிறார்கள். தேவைப்பட்டால் வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடுகிறார்கள். எல்லைக் கயிற்றுக்கு அப்பால் அந்த வேலையைச் செய்ய யாருமில்லை. கோடையில் குழந்தைகளோடு நடந்த பாதையில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் அகலமான காலணி) மாட்டிக்கொண்டு போனாலும் இதே நிலைதான். பாதை சமதளமாக இருக்கலாம். தலைக்கு மேலே நிற்கும் சரிவைப் பாருங்கள்.

குளிர்காலம் முழுக்கப் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. சில அடுக்குகள் இறுகிவிடும். சில சர்க்கரை போல உதிரியாகவே கிடக்கும். மேகமில்லாத குளிர் இரவுகளில் பனிப்பரப்பில் இறகு போன்ற படிகங்கள் முளைக்கும். புதுப்பனி அவற்றை மூடிவிட்டால், அந்தப் பலவீனம் வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். மேலே பலகை போல இறுகிய அடுக்கு, கீழே உதிரி அடுக்கு என்றிருந்தால் ஓர் ஆளின் எடையே போதும். விரிசல் நொடியில் பரவி, பலகை மொத்தமாக வழுக்கும். உயிர் குடிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைச் சிக்கியவரோ கூடப் போனவரோதான் கிளப்பிவிடுகிறார்கள். சத்தம் போட்டால் பனி சரியும் என்பது கதை.

இத்தகைய பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் உடைகின்றன. வரைபடச் செயலிகளில் இந்தச் சாய்வுகளுக்கு நிறம் பூசியிருப்பார்கள், வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒடுங்கிய ஓடைப் பள்ளங்களைத் தவிருங்கள். சிறிய பனிச்சரிவு கூட அங்கே ஆழமாகப் புதைத்துவிடும்.

கனடாவில் அவலாஞ்ச் கனடா, சுவிட்சர்லாந்தில் எஸ்எல்எஃப், நார்வேயில் வார்சொம் ஆகிய பனிச்சரிவு எச்சரிக்கைச் சேவைகளின் அறிவிப்பைப் படிக்காமல் கிளம்பவே வேண்டாம். ஆபத்து 1 முதல் 5 வரையிலான நிலைகளாகத் தரப்படும். 3 என்பதை ‘நடுத்தரம்தானே’ என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. சுவிட்சர்லாந்தில் உயிரிழப்புகளில் சுமார் பாதி அந்த நிலையில்தான் நேர்கிறது. ஒரே நாளில் 30 செ.மீ. புதுப்பனி, பலத்த காற்று, மழை, திடீர் வெப்பம் இவற்றில் எதுவானாலும் செங்குத்தான சரிவுகளை விட்டு விலகியிருங்கள். காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கினாலோ, விரிசல் ஓடினாலோ, வந்த வழியே திரும்புங்கள்.

புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஹெலிகாப்டர் அதற்குள் வருவது அரிது. கூட இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் குழுவில் ஒவ்வொருவரிடமும் மூன்றும் இருக்க வேண்டும்: பீக்கன் (சமிக்ஞை அனுப்பவும், புதைந்தவரின் சமிக்ஞையைத் தேடவும் உதவும் கருவி), குறைந்தது 240 செ.மீ. நீளமுள்ள துழாவுகோல், உலோக மண்வெட்டி. பீக்கனை மேல்சட்டைக்கு அடியில் கட்டி, கிளம்பும்போதே இயக்குங்கள். செல்பேசி 20 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், தேடும்போது 50 செ.மீ.

தேடலில் எல்லோரும் தங்கள் பீக்கனைத் தேடல் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் கருவி அவரையே காட்டும். கருவி காட்டும் தூர எண் 3 மீட்டருக்குக் கீழே வந்ததும் கருவியைப் பனிப்பரப்பை ஒட்டிப் பிடித்து, மிகக் குறைந்த எண் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து சுருள்வட்டமாக, 25 செ.மீ. இடைவெளியில், பரப்புக்குச் செங்குத்தாகத் துழாவுங்கள். ஆள் தட்டுப்பட்டால் கோலை உருவாதீர்கள். நேர் மேலிருந்து தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து கோலை நோக்கித் தோண்டி, முதலில் முகத்தையும் மூச்சுவழியையும் விடுவியுங்கள்.

கருவி வாங்கினால் மட்டும் போதாது. ஒரு பையில் பீக்கனை வைத்துப் பனியில் புதைத்து, பாதுகாப்பான சமவெளியில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நேரம் குறித்துத் தேடிப் பழகுங்கள்.