எஞ்சினில் டொக் டொக் சத்தமா? பிரிக்கச் சொல்வதற்கு முன்னால்

பழைய கார் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். திடீரென்று பானெட்டுக்குள்ளிருந்து டொக் டொக். பட்டறைக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு பாஸ், ஹாஃப் கட் எஞ்சின் போட்டுடலாம்" என்பார். பேரிங் என்பது எஞ்சினுக்குள் சுழலும் பாகங்களைத் தாங்கும் உலோகத் துண்டு; ஹாஃப் கட் என்பது பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய காரிலிருந்து எடுத்த எஞ்சின். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கேட்ட மாத்திரத்தில் சொன்னாரென்றால் தலையாட்டிவிடாதீர்கள். சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான் முதல் தவறு. வீண் செலவெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்டு, சூடு ஏறியதும் அடங்கினால், பிஸ்டன் சிலிண்டர் சுவரில் இடிப்பதாக இருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருந்தாலும் இப்படித்தான். உலோகம் சூட்டில் விரிந்ததும் இடுக்கு அடைபட்டுச் சத்தம் குறையும். இரண்டுமே உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டிய சங்கதி இல்லை. மாறாக, சூடான பிறகு கூடுகிறது, கனத்த சத்தம், எஞ்சின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுகிறது என்றால் பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டின், அதாவது கனெக்டிங் ராடின் பேரிங்கைச் சந்தேகப்படலாம். சூட்டில் எண்ணெய் இளகிவிடுகிறது. தேய்ந்த பேரிங்கின் இடைவெளியை அதனால் தாங்க முடிவதில்லை.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம் ஏறும்போது மட்டும் கோலிக்குண்டு உருளுவது போலக் கேட்டால் அது வேறு கதை. பெட்ரோல் நேரம் தவறி எரிகிறது. சிலிண்டருக்குள் படிந்த கார்பன், அதிகச் சூடு, குறைந்த ஆக்டேன் என்று காரணங்கள் பல. காரின் கையேடு ரோன் 97 (ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல்) கேட்கிறதென்றால் ஒரு டேங்க் ஊற்றிப் பாருங்கள். ஆனால் போன பேரிங்குக்கு ரோன் 97 மருந்தாகாது. அந்தக் காசு வீண்.

வெளிப் பாகங்களை மறந்துவிடுவது அடுத்த தவறு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏர்கோன் கம்ப்ரசர், பெல்ட் டென்ஷனர், ஆல்டர்னேட்டர் எல்லாமே எஞ்சின் பேரிங் மாதிரி தட்டும். மெக்கானிக்கிடம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் மட்டும் எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் எஞ்சினின் உள்ளே குற்றமில்லை. கியரை டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது 'தொம்' என்றால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கைப் பாருங்கள். ஆட்டோ கியர் காரில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தாலும் அச்சு அசலாக ராட் பேரிங் சத்தம் வரும்.

இதெல்லாம் இல்லையென்றால், இன்ஜெக்டர் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேட்கலாம். எந்தச் சிலிண்டரைத் துண்டிக்கும்போது சத்தம் கணிசமாகக் குறைகிறதோ, அந்த ராட் மேல் சந்தேகம் வலுக்கிறது. அப்புறம் எண்ணெய் பிரஷர். டேஷ்போர்டு விளக்கை நம்பாமல், சென்சர் இருக்கும் இடத்தில் மீட்டரை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அளந்து, அந்த எஞ்சினுக்கான அளவோடு ஒப்பிட வேண்டும்.

எனக்குப் பிடித்த சாட்சி ஆயில் ஃபில்டர்தான். கழற்றியதைக் குப்பையில் போட விடாதீர்கள். உறையை அறுத்து, உள்ளே மடித்திருக்கும் தாளை எடுத்து, எண்ணெயைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளையாகவோ பொடிப்பொடியாக மின்னி, காந்தத்தில் ஒட்டவில்லையென்றால் பேரிங் தேய்கிறதென்று சந்தேகிக்கலாம். காந்தத்தில் ஒட்டும் துகள் நிறைய இருந்தால் அது இரும்பு. கேம், செயின் பக்கம் தேடலாம்.

கார் பார்க்கப் போகும்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அமுக்கும் வேலையும் நடப்பதுண்டு. கடைசியாக என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். "புஸ்பாகோம் பாஸ் ஆச்சே" என்பார்கள், அதாவது வாகனச் சோதனை மையத்தில் தேறிவிட்டதாம். உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனையில் யாரும் எஞ்சினைப் பிரித்து பேரிங் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும்விட விலை உயர்ந்த தவறு, கனத்த சத்தத்தோடு "மெதுவாக வீடு வரை ஓட்டிவிடலாம்" என்று நினைப்பது. எண்ணெய் விளக்கும் எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள். ஜாலான் கூச்சிங் நெரிசலில் நிற்பது எரிச்சல்தான், ஆனால் இழுவை லாரிக் கூலி எஞ்சின் விலையில் சிறு பங்கு. ராட் உடைந்து பிளாக்கைக் குத்திவிட்டால் பேரிங் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

ஹாஃப் கட்டுக்குத்தான் போக வேண்டும் என்று முடிவானால், அந்த எஞ்சினையும் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். வாங்கிய ரசீதை வைத்துக்கொண்டு புதிய எஞ்சின் எண்ணைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிந்துவிடுங்கள். கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், பழைய எண்ணே இருந்தால், நாளைக்குக் காரை விற்கப் போகும்போது அதே பி5 சோதனையில் மாட்டிக்கொள்ளும்.