பிஎஸ்பியில் லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ்: முதன்முதலாக விளையாடுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

பெரிய திரையில், நகரத்தில் விருப்பம்போல் சுற்றித் திரியவிடும் திறந்தவெளி வீடியோ ஆட்டங்களை ஆண்டுக்கணக்கில் விளையாடியவர்கள்கூட, 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ்' ஆட்டத்தைச் சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியில் முதன்முதலாகத் தொடும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவிகளில் நடப்பதற்கு இடக்கட்டைவிரலுக்கு ஒரு குச்சியும், சுற்றிப் பார்ப்பதற்கு வலக்கட்டைவிரலுக்கு ஒரு குச்சியும் இருக்கும். பிஎஸ்பியிலோ இடப்பக்கத்தில் ஒரே ஓர் அனலாக் குமிழ்தான் உண்டு. நடையும் பார்வையும் அந்த ஒன்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பங்கீடு கைக்குப் பழகிவிட்டால் மற்ற யாவும் தாமாகவே வந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த விளக்கத்தில், ஆட்டம் நமக்குத் தரும் பணிகளான மிஷன்களைவிடக் கேமராவுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராக்ஸ்டார் லீட்ஸும் ராக்ஸ்டார் நார்த்தும் சேர்ந்து உருவாக்கிய இது, 2005 அக்டோபரில் பிஎஸ்பிக்கு வெளிவந்தது. கதை 1998ஆம் ஆண்டில் நடக்கிறது. சில ஆண்டுகள் தலைமறைவாக இருந்துவிட்டு லிபர்ட்டி சிட்டி என்ற கற்பனை நகரத்துக்குத் திரும்பும் டோனி சிப்ரியானி, சால்வடோர் லியோனியின் மாஃபியா குடும்பத்தில் மீண்டும் தனக்கென ஓர் இடத்தைப் பிடிக்கும் கதை அது. போர்ட்லாண்ட், ஸ்டாண்டன் ஐலண்ட், ஷோர்சைட் வேல் என்று நகரம் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. கதை நகர நகரத்தான் அடுத்தடுத்த பகுதிகள் திறக்கும். வன்முறை மிகுந்த ஆட்டம் என்பதால் அமெரிக்கத் தரநிர்ணயத்தில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியதாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால், கருவியை அவர்கள் கையில் கொடுக்கும் முன் இந்த வட்டை எடுத்து வைத்துவிடுங்கள்.

முதல் படி: கருவியைத் தயார் செய்தல்

ஆட்டம் பதிந்துள்ள யுஎம்டி வட்டை இடுவதற்கு முன், கருவியின் சேமிப்பு அட்டையான மெமரி ஸ்டிக்கில் போதிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சேவ் செய்யும் கோப்புகள் அதில்தான் பதியும். இணைப்பில் விளையாடாத வரை வைஃபை சுவிட்சை அணைத்தே வைத்திருங்கள். பேட்டரி வீணாகாது. திரைக்குக் கீழே உள்ள வெளிச்சப் பொத்தானை இருமுறை, மும்முறை அழுத்தி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஏற்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஆட்டத்தின் இரவுக் காட்சிகள் மிகவும் இருண்டவை; 4.3 அங்குலத் திரையில் ஜன்னல் வெளிச்சம் பட்டால் சாலையும் நடைபாதையும் ஒன்றாகத் தெரியும்.

அடுத்து, பவர் சுவிட்சின் மூன்று வேலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே தள்ளி உடனே விட்டால் கருவி உறக்க நிலைக்குப் போகும். ஆட்டம் நின்ற இடத்திலேயே நிற்கும். மேலே தள்ளி மூன்று விநாடிகளுக்கு மேல் பிடித்திருந்தால் முழுவதுமாக அணைந்துவிடும். கீழே தள்ளினால் பொத்தான்கள் பூட்டிக்கொள்ளும். பொத்தான்கள் எதுவுமே வேலை செய்யவில்லை என்று பதறுபவர்கள், இந்தச் சுவிட்ச் கீழே தள்ளப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: குமிழைப் பிடிக்கும் விதம்

பிஎஸ்பியின் குமிழ் ஒரு தட்டையான சில்லு. சாயாது, வழுக்கிக்கொண்டு நகரும். கட்டைவிரலின் நுனியால் அதை அழுத்தினால் விரலும் வலிக்கும், நகர்வும் விட்டுவிட்டு வரும். விரலின் சதைப்பற்றான நடுப்பகுதியை அதன் மீது இலேசாக வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். சிறிதளவு இழுத்தால் டோனி நடப்பான், விளிம்பு வரை இழுத்தால் ஓடுவான். எக்ஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் இன்னும் விரைந்து ஓடுவான். சதுரப் பொத்தான் குதிப்பதற்கு, வட்டம் தாக்குவதற்கு, முக்கோணம் வண்டியில் ஏறி இறங்குவதற்கு.

மூன்றாம் படி: கேமராவைப் பழக்கப்படுத்துதல்

இந்தப் படிக்கு மட்டும் முழுதாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கதையின் தொடக்கத்தில் போர்ட்லாண்டின் செயின்ட் மார்க்ஸ் பகுதியில் டோனிக்கு ஒரு தங்குமிடம் கிடைக்கும். அதன் வெளியே, வண்டிகள் அதிகம் வராத ஒரு சந்தில் நின்றுகொண்டு பயிலலாம்.

இடத் தோளில் இருக்கும் எல் பொத்தானை ஒருமுறை தட்டினால் கேமரா டோனியின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். அதையே அழுத்திப் பிடித்துக்கொண்டு குமிழை நகர்த்தினால், டோனி நின்ற இடத்திலேயே நிற்க, நம் பார்வை மட்டும் சுழலும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பழகுங்கள். சந்தின் முனைவரை நடந்து, திரும்பியவுடன் எல் பொத்தானைத் தட்டுங்கள். மறுபடியும் நடந்து, திரும்பி, தட்டுங்கள். முதலில் செயற்கையாகத் தோன்றும். இருபது முப்பது திருப்பங்களுக்குப் பிறகு, திரும்புவதும் தட்டுவதும் ஒரே அசைவாகச் சேர்ந்துகொள்வதை விரலே உணரும். அதுவரை சந்தை விட்டு வெளியே போகாதீர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்று கேட்கலாம். துப்பாக்கிச் சண்டையில் ஆர் பொத்தானைப் பிடித்தால் குறி தானாகவே அருகிலுள்ள ஒருவர் மீது பூட்டிக்கொள்ளும். அந்த ஒருவர் நம்மைச் சுடுகிற எதிரியாகவும் இருக்கலாம், பயந்து ஓடும் வழிப்போக்கராகவும் இருக்கலாம். கேமரா பக்கவாட்டில் இருக்கும்போது ஆர் பொத்தானைப் பிடிப்பவர்களுக்குத் தவறான குறிதான் பெரும்பாலும் கிடைக்கிறது. எதிரியின் பக்கம் திரும்பி, எல் பொத்தானைத் தட்டி, திரையின் நடுவில் அவன் இருப்பதைக் கண்ட பிறகே ஆர் பொத்தானைப் பிடித்து வட்டத்தை அழுத்த வேண்டும். குறி தவறினால் விரலை எடுத்துவிட்டு மீண்டும் பிடியுங்கள். தவறான ஆள் மீது பூட்டிய குறியோடு போராடுவதில் பயனில்லை. திசைப் பொத்தான்களின் இடமும் வலமும் ஆயுதங்களை மாற்றும். சண்டை தொடங்குவதற்கு முன்பே எது கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

நான்காம் படி: வண்டி ஓட்டுதல்

எக்ஸ் முடுக்கும், சதுரம் நிறுத்தும். நின்ற பின்னும் பிடித்திருந்தால் பின்னால் செலுத்தும். ஆர் கைப்பிரேக். புதியவர்கள் செய்யும் ஒரே பெரிய பிழை, எக்ஸ் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலேயே திருப்பத்துக்குள் நுழைவதுதான். குமிழின் நகர்வு மிகக் குறுகியது என்பதால் சிறு இழுப்பும் வண்டியைப் பெரிதாகத் திருப்பிவிடும். திருப்பம் நெருங்கும்போது எக்ஸ் பொத்தானை விட்டுவிடுங்கள், குமிழை இழுங்கள், வண்டியின் மூக்கு புதிய சாலையை நோக்கியதும் மீண்டும் முடுக்குங்கள். கூர்மையான திருப்பமாக இருந்தால் நடுவில் ஆர் பொத்தானை ஒரு நொடி தட்டினால் போதும். பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டி முழுச் சுற்றுச் சுற்றி வந்த வழியையே பார்த்து நிற்கும்.

செலக்ட் பொத்தான் கேமராவின் தூரத்தை மாற்றும். சிறிய திரையில் சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும் கோணமே எனக்கு உகந்ததாகப் படுகிறது. எதிரே வரும் வண்டி அரை நொடி முன்னதாகத் தெரிகிறது என்பதே பெரிய உதவி. வட்டிலிருந்து நகரத்தைப் படித்துப் படித்துத்தான் கருவி திரையில் காட்டுகிறது. ஆகவே மிக வேகமாகப் போகும்போது தொலைவிலுள்ளவை சற்றுத் தாமதமாகத் தோன்றலாம். வேகமான காரைக் கண்டவுடன் ஏறிவிடாமல், முதல் சில மணி நேரத்துக்கு நடுத்தரமான நான்கு கதவுக் காரிலேயே ஓட்டிப் பழகுங்கள். மோட்டார் பைக்குகள் இந்த நகரத்துக்கு இந்த ஆட்டத்தில்தான் வந்தன. நெரிசலில் புகுந்து போக அவை அருமையானவை என்றாலும், மோதினால் தூக்கி எறியப்படுவோம்.

தண்ணீரைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: டோனிக்கு நீந்தத் தெரியாது. துறைமுகத்தின் ஓரத்தில் வேகமாகத் திரும்பி நீரில் விழுந்தால் அத்துடன் முடிந்தது.

ஐந்தாம் படி: வழி கண்டுபிடித்தல்

திரையின் இடக்கீழ் மூலையில் உள்ள ரேடார் எனும் சிறு வரைபடத்தில், மிஷன் கொடுப்பவர்கள் இருக்கும் இடங்கள் குறிகளாகத் தெரியும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ஆட்டம் நின்று, நகரத்தின் முழு வரைபடத்தைப் பார்க்க முடியும். புறப்படும் முன் வரைபடத்தில் இரண்டே இரண்டு திருப்பங்களை மட்டும் மனத்தில் பதிய வைத்துக்கொண்டு போய், அங்கே வண்டியை நிறுத்தி, மீண்டும் பாருங்கள். போர்ட்லாண்டில் தலைக்கு மேல் ஓடும் ரயில் பாதை நல்ல அடையாளம். அதற்கு எந்தப் பக்கம் சைனாடவுன், எந்தப் பக்கம் செயின்ட் மார்க்ஸ் என்று தெரிந்துகொண்டவர்கள் விரைவிலேயே வரைபடம் இல்லாமல் ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

அதே ஸ்டார்ட் பட்டியலில் பொத்தான்களின் அமைப்பைக் காட்டும் பக்கமும் இருக்கிறது. நான் மேலே சொன்னவை தொடக்க அமைப்புக்கு உரியவை. வேறொருவர் கருவியை வாங்கி விளையாடுகிறீர்கள் என்றால் அந்தப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: போலீஸ்

குற்றம் செய்வதைக் காவலர் கண்டால் திரையின் மேற்புறத்தில் நட்சத்திரம் ஒளிரும். மொத்தம் ஆறு. ஒன்று மட்டும் இருந்தால், போலீஸ் கண்ணில் படாமல் சிறிது நேரம் ஒதுங்கியிருந்தாலே மறைந்துவிடும். மூன்றில் ஹெலிகாப்டர் வரும், ஐந்தில் எஃப்பிஐ வரும், ஆறில் ராணுவ டாங்கிகளே இறங்கிவிடும். தொடக்கத்தில் இரண்டைத் தாண்ட விடாமல் பார்த்துக்கொள்வதே போதுமான இலக்கு.

துரத்தலில் மாட்டினால் இரு வழிகள் உண்டு. நகரத்தின் மூலைகளில் மிதந்துகொண்டிருக்கும் லஞ்ச நட்சத்திரங்களை எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கும். அல்லது பே அண்ட் ஸ்ப்ரே கடைக்குள் காரை ஓட்டிச் சென்று வண்ணம் மாற்றிக்கொள்ளலாம். காரின் சேதமும் சரியாகிவிடும். கைதானாலோ உயிரிழந்தாலோ ஆயுதங்கள் அனைத்தும் பறிபோகும், பணமும் குறையும். அதனால்தான் அமைதியாக இருக்கும்போதே, ஒரு நட்சத்திரமும் இல்லாமல், அந்தக் கடை வரை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்து வழியைப் பழகிவைக்கச் சொல்கிறேன். துரத்தலின் நடுவில் வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்திருக்கும்.

ஏழாம் படி: சேவ் செய்தல்

மிஷன் நடந்துகொண்டிருக்கும்போது சேவ் செய்ய முடியாது. முடிந்த பிறகு தங்குமிடத்துக்குத் திரும்பி, அங்குள்ள சேவ் குறியின் மீது நடந்தால்தான் பதிவாகும். கையடக்கக் கருவியில் விளையாடுபவர்கள் பயணத்திலும் இடைவேளையிலும் பத்துப் பதினைந்து நிமிடங்களாகத்தான் விளையாடுகிறார்கள். உறக்க நிலை இருக்கிறதே என்ற தைரியத்தில் சேவ் செய்வதைத் தள்ளிப்போடுவார்கள். நானும் அப்படித்தான் மூன்று மிஷன்களை முடித்துவிட்டு, சேவ் செய்யாமல் உறக்க நிலையில் வைத்துப் பையில் போட்டேன். மறுநாள் மாலை எடுத்தபோது பேட்டரி முற்றிலும் தீர்ந்திருந்தது. சார்ஜ் ஏற்றி இயக்கியதும் ஆட்டம் தொடக்கத் திரையிலிருந்து வந்தது, மூன்று மிஷன்களும் போயிருந்தன. உறக்க நிலையிலும் கருவி சிறிதளவு மின்சாரத்தைச் செலவிட்டுக்கொண்டேதான் இருக்கும். சில நிமிடங்களுக்கு வைக்க அது போதும். ஓர் இரவுக்கு அதை நம்பக் கூடாது. ஹோம் பொத்தானும் ஆபத்தானதே: வெளியேறவா என்று கேட்கும் திரையில் அவசரத்தில் ஆம் என்று சொல்லிவிட்டால், சேவ் செய்யாதவை திரும்ப வாரா.

ஒவ்வொரு மிஷனுக்கும் ஒரு சேவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பதியாமல், இரண்டு இடங்களில் மாற்றி மாற்றிப் பதிவது இன்னும் பாதுகாப்பானது.

எட்டாம் படி: முதல் மிஷன்களும் அவற்றுக்கு இடையிலும்

முதல் மிஷன்களை லியோனி குடும்பத்தைச் சேர்ந்த வின்சென்சோ தருவார். அவசரப்பட வேண்டியதில்லை, மிஷன் தோற்றால் மீண்டும் அவரிடம் போய்த் தொடங்கலாம். ஒரே மிஷனில் மூன்று முறை தோற்றால் அன்றைக்கு அதை விட்டுவிட்டு, நகரத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் பொதிகளைத் தேடுங்கள். மொத்தம் 100 பொதிகள். பத்துப் பத்தாகச் சேரும்போது தங்குமிடத்தில் ஒவ்வொரு ஆயுதமாக வந்து சேரும். அவற்றை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கூரைகளையும் சந்துகளையும் துறைமுகக் கிடங்குகளையும் சுற்றித் தேடும்போது, எல் பொத்தானை அழுத்திப் பிடித்துச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் நூற்றுக்கணக்கான முறை நிகழ்ந்துவிடும். மூன்றாம் படியில் செயற்கையாக இருந்த அந்த அசைவு இந்தத் தேடலில்தான் உண்மையில் கைவருகிறது.

வைஃபை மூலம் அருகிலிருப்பவர்களோடு ஆறு பேர் வரை சேர்ந்து விளையாடும் வசதியும் இருக்கிறது. அதற்கு ஒவ்வொருவரிடமும் கருவியும் வட்டும் இருக்க வேண்டும். போர்ட்லாண்டில் எதிரியை நோக்கித் திரும்பிக் குறி பூட்டுவது தயக்கமின்றி வரும் நிலையை எட்டிய பிறகு அதில் இறங்குங்கள்; அங்கே எதிரே நிற்பவரும் எல் பொத்தானைத் தட்டக் கற்றுக்கொண்டவராகவே இருப்பார்.