மாமனார் மாமியாருக்கு அமெரிக்கா விசிட்டர் விசா: சேலத்துல இருந்துகிட்டு எப்படி பண்ணி முடிக்கிறது

பையனோ பொண்ணோ அமெரிக்காவுல இருப்பாங்க, அப்பா அம்மா இங்க சேலத்துலயோ ஏற்காட்டுலயோ இருப்பாங்க, ஆனா விசாவுக்கு ஓடியாடி பண்றது உள்ளூர்ல இருக்குற மாப்பிள்ளையோ மருமகளோ தான். அந்த எடத்துல நிக்கிறவங்களுக்குத்தான் இத எழுதறேன். எங்க மாமா அத்தைக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம் சின்னதா ஒரு காப்பி தோட்டம், மச்சினன் டெக்ஸாஸ்ல இருக்கான், நான் அஸ்தம்பட்டில. அவங்களுக்குப் பண்ணி முடிச்சதுக்கப்புறம் சொந்தபந்தத்துல வரிசையா கேக்க ஆரம்பிச்சாங்க, அதனால மொத்தமா ஒரே எடத்துல சொல்லிடலாம்னு.

மொதல்ல மனசுல வெச்சுக்க வேண்டியது, கவுன்டர்ல ஆபீசர் பேசப்போறது உங்ககிட்டயும் இல்ல மச்சினன்கிட்டயும் இல்ல, அந்த ரெண்டு பெரியவங்ககிட்ட. அதனால ஃபார்ம்ல இருக்குற ஒவ்வொரு வரியும் அவங்களுக்குத் தெரிஞ்சதா, அவங்க வாயால சொன்னதா இருக்கணும். நாமளே ராத்திரில உக்காந்து எல்லாத்தையும் ரொப்பிட்டு, ஒரு தடி பைலை கையில குடுத்து போய் பேசிட்டு வாங்கன்னு அனுப்பறது அவங்களுக்கு செய்யற உதவி இல்ல. கீழ சொல்ற எல்லாமே இத மனசுல வெச்சுதான்.

பாஸ்போர்ட்டுல இருந்து ஆரம்பிங்க. முடியப்போற தேதில இருந்தா முன்னாடியே ரினியூ பண்ணிடுங்க, சேலத்துலயே போஸ்ட் ஆபீஸ் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கு, அதுக்கு கோயம்புத்தூர் போகணும்னு இல்ல. பழைய பாஸ்போர்ட்ட தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல சிங்கப்பூர் மலேசியா போன முத்திரை ஏதாவது இருந்தா கூடவே எடுத்துட்டுப் போகணும்.

இப்ப பேர் விஷயம், நம்ம ஊர்க்காரங்களுக்கு இங்கதான் குழப்பமே. நமக்கு இனிஷியல் தான், குடும்பப் பேர்னு ஒண்ணு கெடையாது, பழைய பாஸ்போர்ட்ல பாத்தீங்கன்னா கிவன் நேம்ல பழனியம்மாள்னு மட்டும் இருக்கும், சர்நேம் காலியா இருக்கும். அமெரிக்கா ஃபார்ம் ரெண்டு கட்டத்தையும் காலியா விட ஒத்துக்காது. ஒரே பேர் மட்டும் இருந்தா அந்தப் பேர சர்நேம் கட்டத்துல போடணும், கிவன் நேம் கட்டத்துல எஃப்என்யூன்னு (FNU, மொத பேர் தெரியலைங்கறதுக்கான சுருக்கம்) மூணு எழுத்து போடணும், அதுதான் அவங்க சொல்ற முறை. நீங்களா கூடுதலா புருஷன் பேரையோ இனிஷியல் விரிச்சோ சேக்காதீங்க, பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படித்தான். பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல அப்பா பேரோ புருஷன் பேரோ ஏறியிருந்தா அப்ப அதையே சர்நேமா போட்டுட்டு போயிடலாம். பொறந்த தேதியும் அப்படித்தான், வீட்ல சொல்ற தேதி ஒண்ணு, பள்ளிக்கூடத்துல குடுத்தது ஒண்ணு, இங்க பாஸ்போர்ட்ல இருக்குறது மட்டும்தான் கணக்கு. இதயும் பெரியவங்ககிட்ட சொல்லி வைங்க, இல்லன்னா தேதி கேட்டா சட்டுனு ஆடி மாசம் பொறந்தேன்னு ஆரம்பிப்பாங்க.

ஃபார்ம் பேரு டிஎஸ்-160, ஆளுக்கு ஒண்ணு, புருஷன் பொஞ்சாதிக்கு சேத்து ஒண்ணு கெடையாது. வெப்சைட் பேரு கடைசில டாட் கவ்னு முடியுதான்னு பாத்துக்கோங்க, தேடினா மேல வர்ற விளம்பரத்துல பாதி தனியார் சைட்டு, ஃபார்ம் ரொப்பறதுக்கே தனியா காசு கேப்பான். பக்கம் ஓபன் ஆனதும் ஒரு அப்ளிகேஷன் ஐடி குடுக்கும், அத நோட்டுல எழுதி வைங்க, ஏன்னா 20 நிமிஷம் ஒண்ணும் பண்ணாம விட்டா லாக் அவுட் ஆயிடும், பெரியவங்ககிட்ட கேட்டு கேட்டு ரொப்பும்போது அது கண்டிப்பா நடக்கும், அதனால ஒவ்வொரு பக்கத்துக்கும் சேவ் பண்ணுங்க. ஒருத்தருது முடிச்சு சப்மிட் பண்ணதும் வர்ற பக்கத்துலயே குடும்ப ஆளுக்கு இன்னொரு ஃபார்ம் ஆரம்பிக்க வழி இருக்கும், அதுல போனா அட்ரஸ், பயண விவரமெல்லாம் தானா வந்துடும், அத்தைக்கு பாதி வேலை மிச்சம்.

நான் என்ன பண்ணேன்னா ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்ப எடுத்துட்டு மேல ஏறிட்டேன், மாமாவையும் அத்தையையும் பக்கத்துல உக்கார வெச்சு ஒவ்வொரு கேள்வியையும் தமிழ்ல கேட்டு, அவங்க சொல்றத எழுதினேன். அத்தை சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, "மாப்ள, எனக்கு வேலை ஒண்ணுமில்லைன்னு எழுதிடாதீங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்ல"ன்னு. அவங்க சொன்னது சரிதான், அங்க ஹோம்மேக்கர்னே ஒண்ணு இருக்கு. விவசாயம்னா அக்ரிகல்ச்சர், ரிட்டயர்டுன்னா ரிட்டயர்டு. மாச வருமானம் ரூபாயில கேக்கும், காப்பி மொளகுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவதான் பணம் வரும், அப்ப வருஷ வருமானத்த 12ஆல வகுத்து போடுங்க, அத எப்படி வகுத்தீங்கன்னு மாமாவுக்கும் தெரியணும், கேட்டா அவர்தான் சொல்லணும்.

செல கேள்வி பெரியவங்கள தடுமாற வெக்கும். அவங்களோட அப்பா அம்மா பொறந்த தேதி கேக்கும், தெரியலைன்னா தெரியாதுன்னு டிக் பண்ண எடம் இருக்கு, கற்பனையா ஒரு தேதி போடாதீங்க. குலம் அல்லது பழங்குடிய சேந்தவரான்னு ஒண்ணு வரும், அது நம்ம சாதிய கேக்கறதில்ல, அதனால பெரும்பாலானவங்களுக்கு இல்லைன்னு தான் பதில், ஆனா சேர்வராயன் மலையில மலையாளி பழங்குடி மக்கள் இருக்காங்க, அவங்க ஆமான்னு சொல்லி பேர எழுதணும். கடைசி அஞ்சு வருஷத்துல பயன்படுத்தின போன் நம்பர், சோசியல் மீடியா கணக்கு கேக்கும், மாமா பேஸ்புக்ல இருந்தா அதையும் எழுதணும், பேரன் ஆரம்பிச்சு குடுத்தது தானேன்னு விட்றாதீங்க.

மறைக்கவே கூடாத விஷயம் மூணு. ஒண்ணு, அமெரிக்காவுல நெருங்கின சொந்தம் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லி அவங்க அங்க எந்த ஸ்டேட்டஸ்ல, அதாவது சிட்டிசனா, கிரீன் கார்டா, விசாவுலயான்னும் உள்ளது உள்ளபடி எழுதணும், பையன் அங்க இருக்கான்னு சொன்னா குடுக்கமாட்டாங்கன்னு யாரோ டீக்கடைல சொன்னத நம்பி இல்லைன்னு போட்டா அது பொய், அவங்க சிஸ்டத்துல தெரியும். ரெண்டு, முன்னாடி விசா மறுத்திருந்தா அத சொல்லணும். மூணு, பையன் சிட்டிசன் ஆகி அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு மனு போட்டிருந்தா அதையும் சொல்லணும். பொய் சொன்னது தெரிஞ்சா இந்த ஒரு விசாவோட போகாது, நெரந்தரமாவே கதவ சாத்திடுவாங்க.

செலவு யார் பண்றாங்கன்னு கேக்கும், மச்சினன் தான் பண்றான்னா அவன் பேரப் போடுங்க, அதுல ஒண்ணும் கொறைச்சல் இல்ல. பலபேர் அவன்கிட்ட ஸ்பான்சர் லெட்டர் வாங்கணும், நோட்டரி போடணும்னு அலையறாங்க, விசிட்டர் விசாவுக்கு அது கட்டாயமே இல்ல.

போட்டோ 2க்கு 2 இன்ச், வெள்ளை பின்னணி, கண்ணாடி போடக்கூடாது, ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். ஸ்டூடியோல முகத்த வெளுப்பாக்கி எடிட் பண்ணிடுவாங்க, வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

ஃபீஸ் ஆளுக்கு 185 டாலர், ரூபாய்ல கட்டலாம், விசா கெடைச்சாலும் கெடைக்காட்டியும் திரும்ப வராது. கட்டின ரசீது ஒரு வருஷத்துக்கு செல்லும், அதுக்குள்ள அப்பாயின்மெண்ட் புக் பண்ணிடணும். ரெண்டு அப்பாயின்மெண்ட் வேணும், மொதல்ல விசா சென்டர்ல கைரேகையும் போட்டோவும், அப்புறம் இன்னொரு நாள் தூதரகத்துல இன்டர்வியூ. நமக்கு கிட்ட சென்னை தான், ஜெமினி மேம்பாலத்துக்கு பக்கத்துல அண்ணா சாலைல இருக்கு. மொத தடவ அப்ளை பண்றவங்களுக்கு தேதி ரொம்ப தள்ளிதான் கெடைக்கும், கெடைக்கிற தேதிய எடுத்து வெச்சுட்டு அப்புறமா முன்னாடி ஏதாவது காலி ஆகுதான்னு பாருங்க, ஆனா நாள் பூரா ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தா அக்கவுண்ட் லாக் ஆயிடும், தேதிய மாத்தவும் ஒரு தடவதான் சும்மா விடுவாங்க, அதுக்கு மேலன்னா திரும்ப ஃபீஸ். புக் பண்ணும்போது குடுத்த டிஎஸ்-160 நம்பரும் கையில இருக்குற பேப்பர்ல இருக்குற நம்பரும் ஒண்ணா இருக்கணும், நடுவுல புது ஃபார்ம் போட்டிருந்தா அங்கயும் மாத்திடுங்க. 80 வயசு தாண்டினவங்களுக்கு இன்டர்வியூ இல்லைன்னு இன்னமும் நெறய பேர் நம்பிட்டு இருக்காங்க, 2025 செப்டம்பர்ல இருந்து அந்த சலுகைய எடுத்துட்டாங்க.

இப்ப முக்கியமான பகுதி. அமெரிக்க சட்டத்துல 214பின்னு ஒரு பிரிவு இருக்கு, அதுப்படி விசிட்டர் விசா கேக்கற ஒவ்வொருத்தரும் அங்கயே தங்கிடப் போறவங்கன்னு தான் ஆபீசர் மொதல்ல எடுத்துக்கணும், இல்ல நான் திரும்பி வருவேன்னு காட்டவேண்டியது அவங்க பொறுப்பு. அப்ப இங்க அவங்கள எது கட்டி இழுக்குதுன்னு அவங்களுக்கே தெளிவா இருக்கணும். எங்க மாமாவுக்கு அது ரொம்ப சுலபம், நவம்பர்ல இருந்து காப்பி பறிப்பு ஆரம்பிச்சுடும், அதுக்குள்ள வந்தாகணும், அதனாலதான் ஏப்ரல்ல கெளம்பறாங்க. செவ்வாப்பேட்டைல வெள்ளிப் பட்டறை வெச்சிருக்கவங்க, அம்மாப்பேட்டைல தறி போட்டிருக்கவங்க, ஆத்தூர் பக்கம் மரவள்ளி போட்டிருக்கவங்க, ஒவ்வொருத்தருக்கும் இந்த மாதிரி ஒரு காரணம் உண்மையா இருக்கும். பென்ஷன்காரங்களுக்கு இங்க இருக்குற இன்னொரு பொண்ணு, வயசான அம்மா, சொந்த வீடு. இத நாம எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வெக்கக் கூடாது. சாப்பிடும்போது சும்மா கேளுங்க, மாமா எத்தன நாள் இருப்பீங்க, வந்ததும் மொத வேலை என்ன மாமான்னு. அவர் தானா சொல்ற அந்தப் பதில் தான் பதில்.

இன்டர்வியூ தமிழ்லயே பண்ணலாம், அத தயங்காம கேக்கச் சொல்லுங்க, அரகொற இங்கிலீஷ்ல பேசி தப்பா புரிஞ்சுக்கறத விட அது எவ்வளவோ மேல். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆபீசர், மைக்ல பேசுவாங்க, நின்னுட்டேதான் பேசணும், சில நிமிஷத்துல முடிஞ்சுடும். யாரப் பாக்க போறீங்க, அவர் என்ன வேலை பாக்கறாரு, எந்த ஊரு, எத்தன நாள், நீங்க என்ன பண்றீங்க, எத்தன பசங்க, இவ்வளவுதான் பெரும்பாலும். பையன் கம்பெனி பேரும் ஊர் பேரும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும், டெக்ஸாஸ்னு மட்டும் சொல்லாம எந்த ஊர்னு சொல்லத் தெரியணும். எத்தன நாள்ங்கறதுக்கு ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்லணும், மாமா மூணு மாசம்னும் அத்தை பேரன் நடக்கற வரைக்கும்னும் சொன்னா சிக்கல். மகளோ மருமகளோ மாசமா இருந்தா அதையும் மறைக்க வேண்டாம், கூட இருக்கப் போறோம்னு உள்ளத சொல்லலாம், சம்பளத்துக்கு வேலை பாக்கறது தான் இந்த விசாவுல கூடாது. காது மந்தமா இருந்தா மெஷின் மறக்காம போட்டுட்டுப் போகணும், கேக்கலைன்னா இன்னொரு தடவ சொல்லுங்கன்னு கேக்கலாம், கேக்காத கேள்விக்கு தலையாட்டக் கூடாது.

பேப்பர் பத்தி. அவசியமானது பாஸ்போர்ட், டிஎஸ்-160 உறுதிப் பக்கம், அப்பாயின்மெண்ட் பேப்பர், ஒரு போட்டோ. மத்ததெல்லாம் கேட்டா காட்ட: பட்டா சிட்டா, பேங்க் பாஸ்புக், பென்ஷன் ஆர்டர், பையனோட விசா காப்பி, வேலை லெட்டர். விவசாய வருமானம் மட்டும் இருக்கவங்க வருமான வரி தாக்கல் பண்ணியிருக்க மாட்டாங்க, அதுக்காக பதற வேண்டாம், சிட்டாவும் பேங்க் கணக்கும் போதும். எல்லாம் ஒரு மெல்லிசு பைல்ல, எது எங்க இருக்குன்னு மாமா கண்ண மூடி எடுக்கற மாதிரி. பேப்பர் பாக்காமலே குடுக்கறதும் உண்டு, பாக்காமலே மறுக்கறதும் உண்டு, அதனாலதான் பேச்சு முக்கியம்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

போற ஏற்பாடு. மலையில இருக்கவங்கள மொத நாளே கீழ கூட்டிட்டு வந்துடுங்க, 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி அன்னைக்கே ரயில் ஏறினா வயசானவங்களுக்கு தலை சுத்தும். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலைல சென்னை. ரெண்டு அப்பாயின்மெண்டும் அடுத்தடுத்த நாள்ல வர்ற மாதிரி போட்டா ஒரே தங்கல்ல முடிஞ்சுடும். வெள்ளி வேலை, தறி வேலை, தோட்ட வேலை செஞ்ச கையில ரேகை தேஞ்சிருக்கும், ஆதார் எடுக்கும்போதே சிரமப்பட்டிருப்பாங்க, கைரேகை வெக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி விடுங்க, போகும்போது நல்லா தொடச்சுட்டுப் போகட்டும். தூதரகத்துக்குள்ள போன் விடமாட்டாங்க, பெரிய பையும் விடமாட்டாங்க, நீங்களும் உள்ள போகமுடியாது, அதனால வெளிய எங்க நிப்பீங்கன்னு எடத்த காட்டி சொல்லிட்டு அனுப்புங்க.

கெடைச்சா பாஸ்போர்ட்ட அவங்களே வெச்சுப்பாங்க, அப்புறம் நேர்ல போயோ கூரியர்லயோ வாங்கிக்கலாம். மறுத்துட்டா அதுக்கு மேல்முறையீடு கெடையாது, திரும்ப ஃபீஸ் கட்டி திரும்ப போடலாம், ஆனா நெலமைல எதுவும் மாறாம ஒடனே போடறதுல அர்த்தமில்ல. அன்னைக்கு அவங்ககிட்ட என்ன சொன்னீங்க ஏன் அப்படி சொன்னீங்கன்னு நோண்டாதீங்க, மொதல்ல சாப்பிட கூட்டிட்டுப் போங்க.

விசா வந்தப்புறம் ஒண்ணு ரெண்டு. இந்தியர்களுக்கு பெரும்பாலும் 10 வருஷ விசா குடுப்பாங்க, அதுக்காக 10 வருஷம் தங்கலாம்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு தடவையும் அங்க எறங்கும்போது ஐ-94ங்கற நுழைவுப் பதிவுல ஒரு தேதி போடுவாங்க, வழக்கமா ஆறு மாசம், அந்த தேதிக்குள்ள கெளம்பிடணும், எறங்கினதும் மச்சினன ஆன்லைன்ல அத எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாம அனுப்பாதீங்க, சுகர் பிரஷர் மாதிரி ஏற்கனவே இருக்குற வியாதிக்கு எவ்வளவு தூரம் குடுக்கறாங்கன்னு படிச்சுப் பாத்து எடுங்க. மாத்திரைய டாக்டர் சீட்டோட, அட்டையோட, தங்கற நாளுக்கு மேல கொஞ்சம் கூடவே கைப்பைல வைங்க. டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வெச்சுடுங்க, காசு கெடையாது, நடக்க முடிஞ்சாலும் கேளுங்க, ஏர்போர்ட்ல எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்க வேண்டாம், ஒரு ஆள் கூடவே வருவாரு. சாமான் கட்டும்போது அத்தை கண்டிப்பா சேலத்து மாம்பழமும் கருவேப்பிலையும் வெப்பாங்க, ரெண்டையும் அங்க விடமாட்டாங்க, எடுத்துடுங்க. வறுத்து அரைச்ச ஏற்காட்டுக் காப்பித்தூள் கொண்டு போகலாம், ஆனா சாப்பாட்டுப் பொருள் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லிடணும்.