மதுரைக் குன்றுகளின் சமணப் பள்ளிகளைக் காணச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, அழகர்மலை, திருப்பரங்குன்றம் என மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணத் துறவியர் தங்கிய, பள்ளி எனப்படும் குகைத்தளங்கள், தமிழகத்தில் இன்று நேரில் காணக்கூடிய மிகப் பழைய துறவு இருப்பிடங்களைச் சேர்ந்தவை. கோபுரத்தையும் தூண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே செல்வதுதான் முதல் தவறு. அப்படிச் செல்பவர்கள் நேராகக் குகைக்குள் நுழைந்து, வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளைப் படம் எடுத்துக்கொண்டு, பார்க்க வேண்டியதில் பாதியைப் பார்க்காமலேயே இறங்கிவிடுகிறார்கள்.

உள்ளே நுழையும் முன் வெளியில் நின்று பாறையின் நெற்றியை அண்ணாந்து பார்க்க வேண்டும். பாறை முகத்தில் வழியும் மழைநீர் உள்ளே புகாமல் வெளியிலேயே சொட்டிவிடும்படி வெட்டப்பட்ட காடி ஒன்று அங்கே நீளமாக ஓடும். இயற்கையான குகையை மனிதர் குடியிருக்கத் தக்கதாகத் திருத்தினார்கள் என்பதற்கு அதுவே கண்கூடான சான்று. தமிழ்-பிராமி எனப்படும் பழந்தமிழ் வரிவடிவமான தமிழி எழுத்துகளும் பல இடங்களில் அந்தக் காடியை ஒட்டியே வெட்டப்பட்டிருக்கின்றன. 1882இல் ஆங்கிலேய அதிகாரி இராபர்ட் சீவெல் கண்டறிந்த மாங்குளம் கல்வெட்டுகள், கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததையும் நெடுஞ்செழியன் என்ற பெயரையும் சொல்கின்றன. அழகர்மலையிலோ உப்பு வணிகரும் ஏர்க்கொழு வணிகரும் பொற்கொல்லரும் கொடையாளராக வருகிறார்கள். அரசனோடு தொடர்புடையவர்கள் மட்டுமன்றி, உப்பு விற்றவரும் சேர்ந்துதான் இந்தத் துறவியரைத் தாங்கினார்கள் என்பதை அந்தப் பாறையே சொல்லும்போது, படுக்கையை மட்டும் பார்த்துத் திரும்புவது பெரிய இழப்பு.

எழுத்து தெளிவாகத் தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் வரிக்கு மேல் தீட்டுவதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. தேய்ந்த பாறையில் இயற்கையான கீறல் எது, உளி பட்ட கோடு எது என்று பிரித்தறிவது, பழகிய கண்ணுக்கே கடினம். நாம் ஊகித்துத் தீட்டும் கோடு, அடுத்து வருபவரின் வாசிப்பையும் திசைதிருப்பிவிடும். கல்வெட்டாய்வாளர்கள் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பதும் முறையான பயிற்சியோடும் அனுமதியோடும்தான். நமக்கு வேண்டியது சாய்ந்த வெளிச்சம் மட்டுமே; காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் ஒளி விழும்போது, நண்பகலில் மழுங்கித் தெரிந்த எழுத்து தானாகவே எழும்பி நிற்கும். வெற்றுப் பாறை கொதிக்கும் உச்சிவேளையையும், வழுக்கும் மழை நாளையும் தவிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே குன்றில் இருப்பதெல்லாம் ஒரே காலத்தவை என்று எண்ணுவது மற்றொரு தவறு. கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்திலும் செட்டிப்புடவிலும் காணும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துகளும் ஏறத்தாழ 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மாங்குளத்துத் தமிழி எழுத்துகளுக்கும் இவற்றுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி உண்டு. புதுக்கோட்டை அருகேயுள்ள சித்தன்னவாசலுக்கும் இது பொருந்தும். அங்குள்ள அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் ஓவியங்களோடு திரும்பிவிடுபவர்கள், அதே குன்றில் அவற்றைவிடப் பல நூற்றாண்டு மூத்த ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தின் படுக்கைகளைத் தவறவிடுகிறார்கள்.

வழி கேட்கும்போது கல்வெட்டு என்றோ தொல்லியல் சின்னம் என்றோ கேட்பதைவிடப் பஞ்சபாண்டவர் மலை, பஞ்சபாண்டவர் படுக்கை என்று கேட்டால் ஊரார் உடனே வழிகாட்டும் இடங்கள் உண்டு, கீழவளவு அப்படிப்பட்டது. அவர்களுக்கு அந்தக் குன்று வழிபாட்டுக்குரியது என்பதையும் மறக்கக்கூடாது. சமணர் மலையின் அடிவாரத்திலேயே ஊர்த்தெய்வக் கோயிலும் தாமரைக் குளமும் இருக்கின்றன. அங்கே நின்றுகொண்டு, ஊராரின் நம்பிக்கையைத் திருத்தும் தொனியில் பேசுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத செயல்.

படுக்கைகளில் பெயர் பொறிப்பதும் சாயம் பூசுவதும் அநாகரிகம் மட்டுமல்ல. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைப்பவருக்கு, 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி, 2 ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். புதிதாகச் சிதைக்கப்பட்டது எதுவும் கண்ணில் பட்டால், அதை நாமே துடைக்கவோ சுரண்டவோ முயலாமல், படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும்.