காலையில் சாப்பிட மறுக்கும் மகளுக்கு என்ன செய்யலாம்

முதலில், திட்டாதீர்கள். பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னால் தள்ளிப் போகிறது, அதனால் சீக்கிரம் எழுப்பிவிட்ட பெண்ணுக்குப் பசிக்கவில்லை என்றால் அது பிடிவாதம் இல்லை. ஆனால் வயிறு கேட்கவில்லை என்றாலும் மூளைக்கு வேண்டும். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவள் மறுநாள் மதியம்தான் சாப்பிடுகிறாள் என்றால் 16 மணி நேரம் ஆகிவிடுகிறது. கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை வைத்து உடம்பு சமாளித்துக்கொள்ளும், ஆனால் கவனமும் கேட்டதை மனதில் நிறுத்தும் திறனும் தளரலாம்: ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் படிப்பாள், கணக்கை எடுத்து எழுதும்போது கழித்தல் குறி கூட்டல் குறியாகிவிடும். ஏற்கெனவே ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகமாகத் தெரியும்.

பெண்பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் கவலை இரும்புச்சத்து. மாதவிடாயில் இரத்தம் போவதால், அமெரிக்கப் பரிந்துரைப்படி 14 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் வேண்டும், அதே வயதுப் பையனுக்கு 11 போதும். இரத்தசோகை வரும் முன்பே, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் இருப்புக் குறையும்போதே படிப்பில் கவனம் பாதிக்கப்படலாம். இருக்கிற மூன்று வேளையில் ஒன்றை விட்டால் இந்த அளவை எட்டுவது கஷ்டம்.

சரி, எங்கே தொடங்குவது? முந்தின இரவில். ராத்திரி வெகுநேரம் கழித்துக் கொறிப்பதை நிறுத்தி, போனை வேறு அறையில் வைத்துவிட்டு 8 மணி நேரமாவது தூங்கினால் காலைப் பசி மெல்லத் திரும்பும். அப்புறம், எடுத்த எடுப்பில் தட்டு நிறைய வைக்காதீர்கள். முதல் வாரம் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் போதும், அதுவும் இறங்கவில்லை என்றால் வேகவைத்த முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கொடுத்தனுப்புங்கள், முதல் இடைவேளையில் சாப்பிடட்டும். வெறும் இனிப்பு பிஸ்கட்டைவிட புரதமும் நார்ச்சத்தும் உள்ளது அதிக நேரம் தாங்கும். பயறு, கீரை மாதிரி சைவ உணவு என்றால் கூடவே ஆரஞ்சோ கொய்யாவோ இருக்கட்டும், இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும், டீ காபி அதைத் தடுக்கும் என்பதால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

எடை குறைக்கத்தான் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று தோன்றினால் மேலே சொன்னது எதுவும் போதாது. அவள் உடம்பைப் பற்றி வீட்டில் யாரும் விமர்சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தனியாக உட்கார்ந்து பேசுங்கள், மற்ற வேளைகளிலும் தட்டிக்கழித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எப்போதும் சோர்வு, மூச்சு வாங்குதல், அதிக உதிரப்போக்கு இருந்தாலும் அப்படித்தான். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இரும்பின் இருப்புக் குறைந்திருப்பது அதில்தான் முதலில் தெரியும்.